மரபணு கிடைத்தது, மருந்து எங்கே? – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

என் அம்மாவின் தம்பிக்கு வயது 52. சில வருடங்களாகக் கைநடுக்கம், படியேறச் சிரமம், நாக்கில் துடிப்பு. முதலில் ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) என்றார்கள். இப்போது இன்னொரு டாக்டர், அதைப்போலவே தோன்றும் பரம்பரை நோயான கென்னடி நோயாக இருக்கலாம் என்கிறார். ஆனால் மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை நார்மல். கென்னத் ஃபிஷ்பெக் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் 1991லேயே இதன் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டாராம். முப்பது வருடம் தாண்டியும் மருந்து இல்லையென்றால் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு என்ன பயன்?

தங்கள் வாசகன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் ரிப்போர்ட். எக்ஸோம் நார்மல் என்பதை வைத்துக் கென்னடி நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆண் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடம் ஒன்று உண்டு. அது நீண்டுபோவதுதான் இந்த நோய். எக்ஸோமில் டிஎன்ஏவைப் பெரும்பாலும் 150 எழுத்துத் துண்டுகளாகவே படிக்கிறார்கள். 47 சிஏஜி என்றாலே 141 எழுத்து. இருபுறமும் எந்த இடம் என்று காட்டும் எழுத்துகளுக்கு இடமில்லாமல் மென்பொருள் அந்தத் துண்டைத் தள்ளிவிடும், அல்லது நீளத்தைத் தப்பாகச் சொல்லும்.

நீங்கள் கேட்க வேண்டியது சிஏஜி எண்ணிக்கைப் பரிசோதனை. அந்த இடத்தை மட்டும் பிசிஆரில் பெருக்கி, நீளத்தை அளப்பார்கள். ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் சில மில்லி ரத்தம் போதும். ஹெபாரின் குழாயில் எடுத்தால் பிசிஆர் தகராறு செய்யும். 34 வரை இயல்பு, 38லிருந்து நோய். நடுவில் வந்தால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு கூடக்குறைய வருவது சகஜம். கூடவே உணர்வு நரம்புகளின் மின்கடத்தலையும் பார்க்கச் சொல்லுங்கள். கென்னடி நோயில் அது குறைந்திருக்கும், ஏ.எல்.எஸ்.ஸில் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இனி ஃபிஷ்பெக். இந்த நோயை வில்லியம் கென்னடி விவரித்தது 1968இல். 1986இல் ஃபிஷ்பெக் குழு அதன் இருப்பிடத்தை எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதிக்குக் குறுக்கியது. அங்கே எத்தனையோ மரபணுக்கள். துப்பு கிடைத்தது நோயாளியின் உடம்பில்: இந்த ஆண்களுக்கு மார்பு பருக்கும், விதை சுருங்கும். ஆண் ஹார்மோனின் ஏற்பி மரபணுவும் அதே பகுதியில்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவர் லா ஸ்பாடா அதை அளந்து பார்த்தார். 35 நோயாளிகளிலும் சிஏஜி நீண்டிருந்தது. நோயில்லாத 75 பேரில் ஒருவருக்கும் இல்லை. இதே வகை நீட்சிதான் ஹண்டிங்டன் நோய்க்கும் காரணம் என்பது 1993இல் தெரிந்தது. அதே வருடம் கைகால் நரம்புகளைத் தாக்கும் சார்கோ-மாரி-டூத் நோயின் எக்ஸ் குரோமோசோம் வகைக்கும் ஃபிஷ்பெக் குழு மரபணுவைப் பிடித்தது. (அதுவும் அதே அக்கம்பக்கத்தில்தான்!)

மருந்துக்கு வருவோம். டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டினால்தான் அந்த நீண்ட ஏற்பி நரம்பணுவைக் கெடுக்கிறது. மரபணுவைச் சுமக்கும் பெண்கள் பெரும்பாலும் தப்பிப்பது இதனால்தான். அப்படியானால் ஹார்மோனைக் குறைத்தால்? ஜப்பானில் எலிகளில் இது பலித்தது. டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் லியூப்ரோரெலின் ஊசிக்கு 2017இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபிஷ்பெக் குழு 50 ஆண்களுக்கு இரண்டு வருடம் டூட்டாஸ்டெரைட் (டெஸ்டோஸ்டிரோன் இன்னும் வீரியமான வடிவமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து) சோதனை நடத்தியது. தசைபலத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இது மிக மெதுவான நோய். மருந்து எடுக்காதவருக்கே இரண்டு வருடத்தில் குறைவது கொஞ்சம்தான். அளவீட்டின் ஏற்ற இறக்கத்தில் அது கரைந்துவிடும். போதாததற்குத் தசை வளரவும் அதே ஹார்மோன் வேண்டும். தன் ஊகத்தைத் தானே சோதித்து, சரிவரவில்லை என்று தானே வெளியிட்டதை மரபணுக் கண்டுபிடிப்புக்குக் குறைவாக நான் மதிப்பிட மாட்டேன்.

மாமாவுக்கு மார்பு பருத்திருப்பதைப் பார்த்து யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதினால், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். ஏன் என்று மேலே சொன்னதிலேயே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. மாமாவுக்கு உறுதியானால் அவர் மகன்களுக்கு வராது. மகள்கள் எல்லோரும் சுமப்பவர்கள். மாமாவுக்கு அது உங்கள் பாட்டியிடமிருந்து வந்திருக்கும். அப்படியானால் உங்கள் அம்மா சுமக்க வாய்ப்பு பாதி, உங்களுக்கு நோய் வர வாய்ப்பு கால்வாசி. அறிகுறி இல்லாதவர் அவசரப்பட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. முதலில் மாமாவின் ரிப்போர்ட்டை ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் இல்லாமல் எண்ணோடு வாங்கி வைத்துக்கொண்டு, மரபியல் ஆலோசகரிடம் அம்மாவோடு சேர்ந்து போங்கள்.