மேடைக்கு ஒளியமைக்கும் மகனும் மூன்றாம் முறைப் பரீட்சையும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணிதப் பிரிவில் இரண்டு முறை உயர்தரம் எழுதிய மகனுக்கு மூன்று பாடங்களிலும் 'எஸ்' எனும் மிகக் குறைந்த சித்திதான் கிடைத்திருக்கிறது. மூன்றாம் முறையும் எழுதிப் பொறியியல் பீடம் புகவேண்டும், இல்லையேல் காணியை ஈடுவைத்தாவது கொழும்பில் தனியார் பட்டப்படிப்பில் சேர்க்கவேண்டும் என்று கனடாவிலுள்ள தாய்மாமன் வற்புறுத்துகிறார். மகனோ பாடசாலை நாட்டிய நாடகங்களுக்கு விளக்குக் கட்டிப் பொழுதைப் போக்குகிறாராம்.

அம்மா, உங்கள் கலக்கம் நியாயமானது. ஆனால் அது பொழுதுபோக்கு என்பதை நான் ஏற்கமாட்டேன். ஐந்து மீற்றர் எல்.ஈ.டி. பட்டியில் 300 குமிழ்களைத் தனித்தனியே நிறம் மாற்றும்படி ஆர்டுயினோ எனும் சிறு இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பலகையொன்றில் நிரல் எழுதி இயக்கியிருக்கிறார். முழு வெள்ளையில் எரியவிட்டபோது பட்டியின் கடைசிப் பகுதி மட்டும் செம்மஞ்சளாக மங்கியதும், பட்டி பழுதென்று அவர் தூக்கியெறியவில்லை. குமிழொன்று ஏறத்தாழ 60 மில்லி அம்பியர் எடுப்பதால் மொத்தம் 18 அம்பியர் வரை ஓடும், அவ்வளவு மின்னோட்டம் மெல்லிய செப்புத் தடத்தில் செல்லும்போது மின்னழுத்தம் குறையும், சிவப்பைவிட நீலத்துக்கும் பச்சைக்கும் கூடிய அழுத்தம் தேவையென்பதால் அவையே முதலில் மங்கும் என்று கண்டறிந்து, பட்டியின் இரு முனைகளிலும் 5 வோல்ற்று மின்வழங்கலைப் பற்றாசு வைத்து இணைத்துச் சரிசெய்திருக்கிறார். வினாத்தாளில் 'எஸ்' எடுத்த பௌதிகவியலைக் கையால் செய்து காட்டிய பிள்ளை அவர்.

பொறியியல் பீடத்தையும் தனியார் பட்டங்களையும் பற்றி உறவினர்கள் போதிய அளவு சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாதது தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. வழி. இதில் ஏழு மட்டங்கள் உள்ளன: நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். மின்னியல் அல்லது இலத்திரனியல் துறையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்களை முடித்தவர் இரத்மலானையிலுள்ள, யுனிவொடெக் எனப்படும் தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே பட்டம் வேண்டுமென்ற மாமாவின் ஆசைக்கும் இங்கு கதவு திறந்தே இருக்கிறது. வகுப்பில் அமராமலே, முன்னர் பெற்ற திறனைச் சான்றுகளுடன் மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறும் முறையும் இதற்குள் உண்டு. இதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள்.

அதற்காக மகன் இன்றிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வரைந்த சுற்று, எழுதிய நிரல், எழுந்த பழுது, திருத்திய விதம், படம், நாடகத்துக்குப் பொறுப்பான ஆசிரியரின் கையொப்பமிட்ட கடிதம் ஆகியவை அதில் சேரவேண்டும். அடுத்ததாக, தொழில்முறை மேடை விளக்குகள் பேசும் டி.எம்.எக்ஸ். 512 முறையைப் பழகவேண்டும். ஒரே கம்பித் தொடரில் 512 கட்டுப்பாட்டு அலைவரிசைகளை (சனல்களை) கையாளும் அம்முறையை அவரிடமுள்ள பலகையோடு சமிக்ஞையை அக்கம்பிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் ஒரு சிறு ஆர்.எஸ். 485 இலத்திரனியல் சில்லை இணைத்தே பயிலலாம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் திருமண மேடைகளிலிருந்து கோவில் திருவிழா மேடைகள் வரை, இந்த வேலை தெரிந்தவருக்கு இங்கேயே இடமுண்டு.

இரண்டு விடயங்களில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காணியை ஈடுவைக்கவேண்டாம்; பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்பு இடையில் நின்றால் கடன் மட்டுமே மிஞ்சும், அதைக் கட்டுவது கனடாவிலுள்ளவர் அல்லர். மூன்றாம் முறை எழுதுவதா என்பதை மகனே தீர்மானிக்கட்டும். அவர் விரும்பி எழுதினால் நான் தடுக்கமாட்டேன், மாமாவுக்காக எழுதுவதானால் கட்டாயம் தடுப்பேன்.

இந்த வாரமே மகனை அழைத்துக்கொண்டு திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் நேரில் செல்லுங்கள். எந்த மட்டத்துக்கு எப்போது விண்ணப்பம் கோருகிறார்கள், கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகைமை பெறும்வரை அவர் 5 வோல்ற்றுப் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யவேண்டும். 230 வோல்ற்று இணைப்பை அனுமதிபெற்ற மின்னியலாளர் செய்யட்டும், வழங்கலுக்கு அருகே உருகியும் பொருத்தப்பட்டிருக்கட்டும்.