நாற்பது சென்ட், பத்து குடும்பம்

மதிப்பிற்குரிய சார்,

நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நண்பர்கள் பத்து குடும்பம் சேர்ந்து பார்வதிபுரம் பக்கம் நாற்பது சென்ட் இடம் வாங்கி, சேர்ந்தே வீடு கட்டலாம் என்று பேசிவருகிறோம். தனியாக வாங்கிக் கட்ட யாருக்கும் வசதியில்லை. ஜிம், பார்ட்டி ஹால் எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் விளையாட, வயதானவர்கள் உட்கார இடம் வேண்டும். வெயிலும் தண்ணீர்க் கஷ்டமும் படுத்தாத கட்டடமாக இருக்கவேண்டும். எங்கள் இன்ஜினியரோ, “பொது இடம் விட்டால் செலவு ஏறும், ஆளுக்கு நாலு சென்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்” என்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

இன்ஜினியர் சொல்வதில் பாதி சரி. ஒவ்வொரு வீட்டிலும் எல்லாமே இருக்கவேண்டும், அதற்குமேல் பொது இடமும் வேண்டும் என்றால் செலவு ஏறத்தான் செய்யும். வீட்டுக்குள் இருப்பதில் எதையாவது வெளியே எடுத்துப் பொதுவில் வைத்தால்தான் குறையும். எதை எடுக்கலாம் என்று பத்து குடும்பமும் முதலில் பேசி முடியுங்கள்.

எனக்கு முதலில் தோன்றுவது விருந்தாளி அறை. நம்மூரில் வீடு கட்டுகிறவர்கள் வளைகுடாவிலிருந்து தம்பி வருவான், கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆள் வரும் என்று ஒரு அறையைக் கூடுதலாகக் கட்டிப் பூட்டி வைக்கிறார்கள். கட்டிலுக்கடியில் தேங்காயும் பழைய பெட்டிகளும் கிடக்கும். பாத்ரூமோடு 160 சதுர அடி என்றால் பத்து வீட்டுக்கு 1,600. பொதுவில் இரண்டே அறை கட்டினால் 320 போதும். மிச்சம் 1,280 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 32 லட்சம், குடும்பத்துக்கு 3,20,000. கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு அறைக்கும் அடிபிடி நடக்கும். நடக்கட்டும்.

சமையலறையை மட்டும் பொதுவாக்காதீர்கள். டென்மார்க்கில் 1970களில் தொடங்கிய கூட்டுக் குடியிருப்புகளில் பொதுச் சாப்பாடுதான் நடுநாயகம். முறை வைத்துச் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பார்கள். நம்மிடம் ஒரு வீட்டில் சாளை மீன் பொரிக்கும்போது பக்கத்து வீட்டில் சஷ்டி விரதமாக இருக்கும். நட்பைப் பாதுகாக்கும் வழி அவரவர் அடுப்புதான்.

இனி நாலு சென்ட் யோசனை. அதில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாலு சென்ட் என்பது சுமார் 1,740 சதுர அடி, முப்பத்தைந்துக்கு ஐம்பது. அதற்குள் வீடு, முன்பக்கம் கிணறு, பின்பக்கம் செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் டேங்குக்கும் குறைந்தது ஐம்பதடி இடைவெளி வேண்டும். வீட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தள்ளி வைத்தாலும் அது கிடைக்காது. கிடைத்ததாகவே வையுங்கள், பின்வீட்டுக்காரர் டேங்க் உங்கள் மதிலை ஒட்டி இருக்கும். நாகர்கோவிலைச் சுற்றித் துண்டு துண்டாகப் பிரித்த மனைகளில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்தும் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள் என்றால் இதுவும் ஒரு காரணம். நாற்பது சென்டையும் ஒன்றாக வைத்தால் மேட்டு மூலையில் ஒரு கிணறு, பள்ளத்து மூலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு என்று முடித்துவிடலாம். பத்து டேங்க், பத்து மோட்டார், பத்து சுற்றுமதில் செலவும் போச்சு. கூரைத் தண்ணீரையும் கிணற்றோரமே இறக்குங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அந்த ஆயிரம் குறைவான கணக்குதான்.

இரண்டு மழை என்றதும் துணி ஞாபகம் வருகிறது. ஆனியிலும் ஐப்பசியிலும் துணி காய்வதில்லை என்பதால்தான் நம்மூரில் பாதி மொட்டைமாடிகளில் இரும்புக் கம்பி நட்டு ஷீட் போட்டிருக்கிறார்கள். அழகில்லை என்று ஆர்க்கிடெக்டுகள் முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால் குமரி மாவட்டம் தானாகக் கண்டுபிடித்த பொது இடம் அது. கீழே துணி காயும், நல்லமிளகு காயும், காதுகுத்துக்கு இலை போடலாம், மழைநாளில் பிள்ளைகள் பந்து விளையாடும். மேல்மாடி அறைகளின் சூடும் தணியும். நீங்கள் தேடும் ஹால் இதுதான், தனியாகக் கட்டாதீர்கள். மூன்று தளத்தோடு நிறுத்தினால் லிஃப்டும் வேண்டாம். தரைத்தளத்தைப் பெற்றோர் கூட இருப்பவர்களுக்குக் கொடுங்கள்.

சுவருக்கும் கூரைக்கும் திருவனந்தபுரத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கல் கால்பங்கு மிச்சம், சூடும் மெதுவாகத்தான் உள்ளே வரும். கூரை ஸ்லாபின் கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அங்கே சும்மா கிடக்கிறது என்பதால் அந்த இடத்தில் பழைய கூரை ஓடுகளைப் பதித்தார் பேக்கர். ஓட்டுவீடு இடிக்கும் இடங்களில் ஓடு மலிவாகக் கிடைக்கும். பழக்கமில்லாத கொத்தனார் முரண்டு பிடிப்பார், முதலில் ஒரு மதிலைக் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

முற்றத்துக்கு ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியா நவி மும்பை பேலாப்பூரில் 1980களில் செய்தது நல்ல மாதிரி. ஏழு வீட்டுக்கு நடுவே சுமார் எட்டு மீட்டர் சதுரத்தில் ஒரு முற்றம். வீடுகளில் பலவற்றை இடித்து மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஆனால் ஏழு வீடு என்ற அந்த அளவு சரியானது. வாசலில் நிற்பது யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். பத்து வீட்டுக்கும் அது பொருந்தும்.

நாஞ்சில்நாட்டுத் தெருவீடுகளில் பக்கத்து வீட்டோடு சேர்ந்த ஒட்டுச்சுவரும் படிப்புரை என்ற வாசல் திண்ணையும் இருந்தனவே, அதைப் போலவா என்று கேட்பீர்கள். கட்டட முறை அருமை. ஆனால் அந்தத் தெருவும் கிணறும் ஒரு சாதிக்குள் மட்டுமே பொதுவாக இருந்தன. உங்கள் பத்து குடும்பமும் ஒரே சபையோ ஒரே சமுதாயமோ என்றால், நாளை ஒருவர் விற்கும்போது “நம்ம ஆளுக்குத்தான் கொடுக்கணும்” என்று தொடங்கும். விற்பனைக்கு அப்படி நிபந்தனை கிடையாது என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நிலத்தில் ஒவ்வொருவர் பேரிலும் பிரிபடாத பாகத்தைப் பத்திரத்தில் பதியுங்கள், இல்லாவிட்டால் வங்கிக்கடன் இழுபறியாகும். கிணறு இறைக்க, டேங்க் கழுவ, முற்றம் பெருக்க மாதம் எவ்வளவு, கொடுக்காதவரை என்ன செய்வது என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். அதில் இரண்டு குடும்பம் விலகினால் எட்டு பேராகக் கட்டுங்கள். முப்பத்திரண்டு சென்ட் போதும்.

அன்புடன்.