அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டருக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: "காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2006இல் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை, அவர் காலமான பிறகு நான் ஓட்டுகிறேன். விடிகாலையில் ஹைவே வரை வண்டியில் வந்து, ஓரமாக நிறுத்திவிட்டு ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி வர இரவு ஏழு மணி ஆகிவிடும். ராத்திரியில் வண்டி வாசலில் நிற்கும். எங்கள் தெருவில் இந்த வருடம் இரண்டு வண்டிகள் காணாமல் போய்விட்டன. 2,000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்றிருக்கிறேன். டிஸ்க் லாக் வாங்கட்டுமா, ஜிபிஎஸ் வைக்கட்டுமா? இத்தனை பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்."

செலவு செய்யத்தான் வேண்டும், தம்பி. விற்கப் போனால் சொற்ப விலைதான் கிடைக்கும். ஆனால் அந்த வண்டி இல்லாத முதல் நாள் காலையில் கம்பெனி பஸ்ஸை எப்படிப் பிடிப்பீர்கள் என்று யோசித்தால், வீட்டில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். திருடுகிறவனுக்கும் பழைய ஸ்ப்ளெண்டர்தான் வசதி. ஊரெல்லாம் ஓடுகிற வண்டி என்பதால் யார் கண்ணிலும் உறுத்தாது. பிரித்துப் போட்டால் எந்தப் பாகத்துக்கும் ஆள் கிடைக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கர்நாடகமும் ஆந்திரமும் எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் லாக் வேண்டாம். உங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். அந்தப் பூட்டை மாட்டுவதற்கான தகடே அதில் கிடையாது. கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, "இதை எங்கே மாட்டுவது?" என்று என் பட்டறைக்கு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியோடு வந்த பூட்டுகளையும் நம்ப வேண்டாம். ஹேண்டில் லாக் என்பது உள்ளே ஒரு சின்ன இரும்பு முளை, அவ்வளவுதான். பலமான ஆள் திருகினால் அது தாங்காது. இப்போது வரும் பல கார்களில் சாவிக்குள் சிப் இருக்கிறது. சரியான சாவி இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. உங்கள் வண்டியின் சாவிக்கோ எஞ்சினை அணைக்கிற வேலை மட்டும்தான். அதுவும் இத்தனை வருடம் திருப்பித் திருப்பிச் சாவியின் பல்லும் உள்ளே இருக்கும் தகடுகளும் தேய்ந்திருக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு, அவருடைய பழைய வண்டிச் சாவியை உங்கள் வண்டியில் போட்டுத் திருப்புங்கள். அது திரும்பினால், மற்றதெல்லாம் அப்புறம், முதல் வேலையாக லாக் செட்டை மாற்றுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். முன்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஃபோர்க்கையும் சேர்த்து, நல்ல விலை கொடுத்து வாங்கிய யூ வடிவப் பூட்டைப் போட்டிருந்தாராம். காலையில் எழுந்து பார்த்தால், வாசல் மண்ணில் லோடு ஆட்டோவின் டயர் தடம் மட்டும் கிடந்திருக்கிறது. பூட்டை யாரும் உடைக்கவே இல்லை. தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் வண்டியின் எடை சுமார் 110 கிலோ. இரண்டு பேர் மனது வைத்தால் போதும். அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: வண்டியை வண்டியோடு பூட்டாதீர்கள், மண்ணோடு பூட்டுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த பூட்டாக இருந்தாலும், அசையாத ஒன்றோடு கட்டாதவரை அது பாதிப் பூட்டுதான்.

ஆகவே உங்கள் 2,000 ரூபாயில் பெரும்பகுதி ஒரு நல்ல சங்கிலிக்குப் போகட்டும். ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் சங்கிலி சாதா இரும்பு. பார்க்கத் தடிமனாக இருந்தாலும், இரும்பு வெட்டும் நீளக் கைப்பிடிக் கத்தரியான போல்ட் கட்டர் அதைச் சட்டென்று கடித்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வடம் அதைவிட மோசம். உறைதான் தடிமன், உள்ளே மெல்லிய கம்பிகள். நீங்கள் கேட்க வேண்டியது சூடேற்றிக் கடினமாக்கிய எஃகில் செய்த சங்கிலி. கண்ணியின் கம்பி 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பி உருண்டையாக இல்லாமல் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருந்தால் கட்டரின் வாய்க்கு எளிதில் பிடிப்புக் கிடைக்காது. அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல், கையோடு ஒரு சின்ன அரம் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு கண்ணியின் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல எஃகு. கடித்துத் தூள் உதிர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சங்கிலியை வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள். வளையம் ஒன்று பற்ற வைத்தால் வசதியாக இருக்குமே என்று பலருக்கும் தோன்றும். பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்தின் கடினம் போய்விடும். காசு கொடுத்து வாங்கியதை நாமே கெடுத்த மாதிரி ஆகும்.

சங்கிலியைப் பின்சக்கரத்தின் வழியாக, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையான ஸ்விங் ஆர்மையும் சேர்த்துச் சுற்றுங்கள். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால், அச்சைக் கழற்றிச் சக்கரத்தை உங்களுக்கே விட்டுவிட்டு மீதியைக் கொண்டு போவார்கள். சங்கிலி தரையில் தொய்ந்து கிடக்கக் கூடாது. கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி உடம்புப் பாரத்தை மறுபிடியில் போட்டு அழுத்த அது வழி செய்யும். சம்மட்டிக்கும் தரைதான் பட்டறைக்கல். சுற்றிச் சுற்றி இறுக்கமாக, தரைக்கு மேலே இருக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபைச் சங்கிலிக்கு உறையாகப் போட்டுவிட்டால் வண்டியில் கீறலும் விழாது.

பூட்டு? திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மனசார மகிழ்ந்தவன் நான். என் வீட்டுக் கதவில் தொங்குவதும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுதான். ஆனால் மழையிலும் கல்குவாரித் தூசியிலும் தெருவில் நிற்கும் வண்டிக்கு, சங்கிலியோடு சேர்ந்தே வரும் பூட்டு பொருத்தம். அதன் வளையம் வெளியே அதிகம் தெரியாமல் உடம்புக்குள் ஒளிந்திருக்கும். சாவித் துவாரம் கீழே பார்த்தபடி மாட்டுங்கள். எஞ்சின் ஆயில் விடாதீர்கள், தூசி ஒட்டி இறுகிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கி உள்ளே ஊதினால் போதும்.

வீட்டு வாசலில் எதோடு கட்டுவது? தென்னை மரம் இருந்தால் நல்லது. வேலிக்கு நட்ட கல்காலில் கட்ட நினைப்பீர்கள். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் சங்கிலியை அப்படியே மேலே உருவி எடுத்துவிடலாம், ஆட்டி ஆட்டிக் கல்லையே பிடுங்கியும் விடலாம். அதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக இதைச் செய்யுங்கள். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய 16 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை வாங்கி யூ வடிவில் வளைத்து, இரண்டு நுனியையும் வெளிப்பக்கமாக மடக்குங்கள். ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டி, சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலந்து ஊற்றுங்கள். மேலே சங்கிலி நுழைகிற அளவு வளையம் தெரிந்தால் போதும். உயரமாக விட்டால் கால் தடுக்கும், கட்டர் நுழையவும் இடம் கிடைக்கும். ஏழு நாளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்தாலும் கட்டிங் மெஷின் கொண்டு வருகிறவன் அறுக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் பொறிக்கும் தெரு விழித்துக்கொள்ளும். சத்தமில்லாமல் அரை நிமிடத்தில் முடிகிற வேலையைச் சத்தத்தோடு பல நிமிடம் இழுக்க வைப்பதுதான் நாம் செய்யக்கூடியது.

உண்மையில் உங்கள் இரவைவிடப் பகல்தான் எனக்குக் கவலை. பன்னிரண்டு மணி நேரம் ஹைவே ஓரத்தில் கேட்பாரற்று நிற்கிறது வண்டி. காசு கொடுத்து நிறுத்தும் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்தால், யோசிக்காமல் அங்கே விடுங்கள். இல்லையென்றால் பஸ் ஏறும் இடத்து டீக்கடைக்காரரிடமோ பஞ்சர் கடைக்காரரிடமோ பேசி, மாதம் ஏதாவது கொடுத்து, அவர் கண்ணில் படும் கம்பத்தோடு கட்டுங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிற்கும் வண்டியைத்தான் நோட்டம் பார்ப்பார்கள்.

இறங்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடும் பழக்கம் வையுங்கள். செலவில்லாத காவல் அது. கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றுவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி, எஞ்சினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் கில் சுவிட்ச் ஒன்றை மறைவான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எங்கே வைத்தது என்பது உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஜிபிஎஸ் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வண்டியின் சின்ன பேட்டரி தினமும் அதற்குத் தீனி போட்டுத் தாங்குவது கஷ்டம், சிம்முக்கும் தொடர்ந்து காசு கட்ட வேண்டும். அலாரமும் அப்படித்தான். லாரி போனாலே கத்தும், நாலாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஆர்சி இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதா? உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகியிருந்தாலும் உடனே போய்ச் செய்யுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கானது மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. விரிவான பாலிசி இந்த வயது வண்டிக்குக் கிடைக்குமா, என்ன மதிப்புப் போடுவார்கள் என்று புதுப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். அந்த பாலிசி இருந்தால் இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது இரண்டையும் கேட்பார்கள்.

ஆர்சியை சைடு பாக்ஸில் வைக்காதீர்கள், போனில் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் போதும். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் படம் எடுத்து போனில் வையுங்கள். ஒருவேளை வண்டி போய்விட்டால், தேடிப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே 112ஐ அழைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். அந்த வண்டியை வைத்து யாராவது வேறு குற்றம் செய்தாலும், அது எத்தனை மணியிலிருந்து உங்கள் கையில் இல்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.