மருந்து பூசிய டைட்டேனியம் கம்பி எத்தனை மாதம் கிருமியைத் தடுக்கும்?

மாதமா? நாள்கணக்கில் கேளுங்கள். வீட்டில் யாருக்கோ கால் உடைந்து, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவில் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. அதைச் சொல்லிக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதியதில் என் மனைவியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. எலும்புக்குள் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பூசிய கம்பி வைத்தார்கள். உள்ளேயே காவல் இருக்கிறது, இனி என்ன பயம் என்று நானும் இருந்துவிட்டேன். முப்பது வருடம் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிப்பித்தவனுக்கு வந்த புத்தி இது! பொலிலக்டைட் என்ற, உடலில் கரையும் பிளாஸ்டிக் படலத்தில் கலந்த அந்த மருந்தில் பெரும்பகுதி முதல் 48 மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. படலம் கரையத்தான் மாதங்கள் ஆகும்.

கம்பியைக் குறை சொல்லவில்லை. கிருமி உலோகத்தில் ஒட்டிப் பசைப்படலம் கட்டிவிட்டால் பிறகு ஊசி மருந்து எளிதில் எடுபடாது. அதற்கு முன் அடிக்கத்தான் இந்த அவசரம். துளித்துளியாக மாதக்கணக்கில் கசிந்தால் மருந்துக்கு மசியாத கிருமிதான் பிழைக்கும். கம்பியில் எலும்பு வளர்க்கும் புரதத்தைப் பூசுவதென்றால் கதை வேறு, அது மெதுவாக வரவேண்டும். கடும் சூடான பிளாஸ்மா சுடரில் பூசினால் புரதம் கெட்டுவிடும். அதனால் ஆய்வுகூடங்களில் உடல் சூட்டிலுள்ள கரைசலில் டைட்டேனியத்தின் மேல் கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமத்தைப் படியவைத்து, கூடவே புரதத்தையும் பொதிகிறார்கள். கனிமம் கரையக் கரையப் புரதம் வெளிவரும்.

எங்களுக்கு மூன்றாம் கிழமை சீழ் வைத்தது. கம்பியைக் கழற்றி, மேலும் இரண்டு சத்திரசிகிச்சை. இடையில் இரண்டு தடவை கட்டு மாற்றப் போகவில்லை. அதனால்தான் கிருமி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போயிருந்தால் காயம் சிவந்ததை யாராவது முன்னரே பார்த்திருப்பார்கள். ஏன் போகவில்லை? நாங்கள் இருப்பது நான்காம் மாடி. லிப்ட் பதினெட்டு நாள் வேலை செய்யவில்லை. குடியிருப்புச் செயலாளரிடம் நான்கு முறை சொன்னேன். "சாமான் வரவேண்டும் சேர்" என்றார் நான்கு முறையும். கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கலாம் என்றால், கீழ்வீட்டுத் தம்பிகள் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பராமரிப்புப் பணத்துக்கான துண்டு மட்டும் முதலாம் திகதி காலையிலேயே கதவுக்குக் கீழே கிடந்தது.