ரொட்டி, தேநீர், கொத்து: எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் உணவு ஏக்கம் – கேள்வி பதில்

இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மலையகத்து உறவுகள் அனுப்பிய கேள்விகளுக்கு, வைத்தியசாலையொன்றில் போசாக்கு ஆலோசனை வழங்கும் அனுபவத்தில் பதில் எழுதுகிறேன். மாத்திரைகளின் வகையையும் அளவையும் உங்கள் கிளினிக் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஹட்டன்: ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்து நான்கு மாதம் ஆகிறது. சிறு வயதிலிருந்து காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் எனக்குச் சாப்பாடு. போன வாரம் ஆசைக்குப் பாதி ரொட்டி சாப்பிட்டேன். நெஞ்சு அடைத்து, வாயில் எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியாகிவிட்டது. இனி எனக்கு ரொட்டியே இல்லையா?

இருக்கிறது, அக்கா, ஆனால் தோட்டத்து ரொட்டி அப்படியே இல்லை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை, சிலருக்கு அதற்குச் சற்று அதிகமாகவும், அகற்றிவிட்டு, மீதியை ஒடுங்கிய குழாயாக விட்டுவைக்கிறார்கள். கோதுமை மாவையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து விரல் தடிப்பில் தட்டிச் சுட்ட ரொட்டி, மெல்லும்போது பொடியாவதில்லை. எச்சிலுடன் சேர்ந்து மறுபடியும் மாவுருண்டையாகி, அந்த ஒடுக்கத்தில் நின்றுவிடுகிறது. எச்சில் ஊறியதும் நெஞ்சு அடைத்ததும் அதனால்தான். புதிய பாணும் குழைந்த சோறும் பலருக்கு இதையே செய்கின்றன. பத்து மணித் தேநீர் வரை மலையில் நின்று கொழுந்து பறிப்பவரின் வயிற்றைத் தாங்கிய கனம் அந்த ரொட்டியினுடையது. அந்தக் கனத்தை ஏற்க உங்கள் இரைப்பையில் இப்போது இடமில்லை.

உங்கள் கேள்வியைப் படித்தபோது, ஏக்கம் ரொட்டியின் மீதா சம்பலின் மீதா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. என்னிடம் வருகிறவர்களில் பலர் உண்மையில் தேடுவது, அம்மியில் நசுக்கிய செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் மாசியும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த அந்த உறைப்பைத்தான். அப்படியானால் அவித்த முட்டையின் மேல் அரைத் தேக்கரண்டி சம்பலை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எரிச்சல் தரக்கூடிய உறைப்பு, நான்காம் மாதத்தில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. ரொட்டியே வேண்டுமென்றால், மெல்லியதாகத் தட்டி ஓரம் மொறுமொறுக்கும்வரை சுட்டு, முட்டையையோ மீனையோ முதலில் சாப்பிட்ட பின், பெருவிரல் நகமளவு துண்டுகளாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் கூழாகும்வரை மென்று விழுங்குங்கள். நெஞ்சுக்குக் கீழே சற்று இறுகியதும், தட்டில் எவ்வளவு மீதியிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

ஒருநாள் வாந்திக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரும் தங்காமல் வாந்தி தொடர்ந்தால் வீட்டிலிருந்து கைவைத்தியம் பார்க்காதீர்கள். உடலில் நீர் வற்றுவதோடு விற்றமின் பீ1 குறைந்து நரம்புகளும் பாதிக்கப்படலாம் என்பதால், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தலவாக்கலை: இரைப்பை பைபாஸ் செய்து எட்டு மாதம். சீனி போட்ட பால் தேநீர் குடித்தால் கால் மணித்தியாலத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் புரட்டுகிறது. சாப்பாட்டோடு குடிக்கவும் கூடாது என்கிறார்கள். தேயிலை மலையில் பிறந்தவன் தேநீர் இல்லாமல் எப்படி இருப்பது?

தேநீரை விட வேண்டாம், தம்பி, குற்றவாளி சீனிதான். இரைப்பையின் சிறிய பை நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்பட்டிருப்பதால், சீனி வழக்கத்தைவிட வேகமாகக் குடலுக்குள் இறங்கி, அங்கே நீரை இழுத்துக்கொள்கிறது. இதனால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் நீங்கள் சொன்ன அறிகுறிகள் வரும். இதை டம்பிங் என்பார்கள். சிலருக்கு 1 முதல் 3 மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி குறைந்து கைகால் நடுங்குவதும் உண்டு. அது நேர்ந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தால் தீங்கில்லை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குடலுக்குக் கருப்பட்டியும் சீனிதான். கடைத் தேநீரில் ஊற்றும் டின்பாலும் அப்படித்தான். இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டு, சீனியை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வந்தால், தேயிலையின் துவர்ப்பே பிடித்துப்போகும் நாள் வரும். நல்ல தேயிலை விளையும் மலையில் இருந்துகொண்டு சீனியின் ருசியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தோம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேநீர் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதாலும், பைபாஸ் செய்தவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே குறைவாகவே உறிஞ்சப்படுவதாலும், இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் ஓரிரு மணித்தியால இடைவெளி அவசியம். அந்த மாத்திரையைக் கல்சியம் மாத்திரையுடனும் சேர்த்து விழுங்கக் கூடாது.

பதுளை: கருவாட்டுக் குழம்பென்றால் உயிரை விடுவேன். இப்போது அதன் மணமே குமட்டுகிறது. ஏதாவது கோளாறா?

கோளாறில்லை. பசியைத் தூண்டும் ஹோர்மோன் குறைவதோடு, ருசியும் மணமும் மாறுவது பலர் சொல்லும் அனுபவம்; பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். வற்புறுத்திச் சாப்பிடாமல், கொஞ்ச நாள் கழித்து மீண்டும் முயன்று பாருங்கள். அதுவரை முட்டை, மீன், பருப்பு, சோயா மீட் ஆகியவற்றால் புரதத்தை ஈடுசெய்ய வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது.

மாத்தளை: தீபாவளிக்கு மாமி வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. "என் கைச் சமையல் பிடிக்கவில்லையா?" என்று மாமி கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் குசினியில் தனியாகவே சாப்பிடுகிறேன்.

தங்கச்சி, முதலில் குசினியிலிருந்து வெளியே வாருங்கள். நீங்கள் இழந்திருப்பது பிரியாணியைவிட, எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடும் அந்த அரை மணித்தியாலத்தையே. சிறிய தட்டில் மென்மையான கோழி இறைச்சியையும் ஒரு கரண்டி கறியையும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மெதுவாக மென்றபடி பேசிக்கொண்டிருங்கள். மாமிக்கு இலையில் பரிமாறிய பின் விளக்கம் சொன்னால் அவருக்கு அது மறுப்பாகவே படும். இரண்டு நாள் முன்னதாகவே பேசி, "எனக்கென்று எலும்பு சூப் கொஞ்சம் வைத்துத் தருவீர்களா, மாமி?" என்று கேளுங்கள், ஊட்ட விரும்புகிறவருக்கு ஊட்டுவதற்கு ஒன்று கிடைத்துவிடும்.

நுவரெலியா: சோடாவும் இடைக்கிடை பியரும் குடிக்கலாமா?

சோடாவின் வாயு சிறிய இரைப்பையை உப்பச்செய்து வலியைத் தரும், தவிர்த்துவிடுங்கள். மதுவோ முன்னைவிட வேகமாக இரத்தத்தில் ஏறுவதோடு, சத்திரசிகிச்சைக்குப் பின் பழக்கமாகிவிடும் ஆபத்தும் கூடுகிறது. எனவே என் பதில் வேண்டாம் என்பதே.

பண்டாரவளை: இரண்டு வருடமாகிறது. கொத்து ரொட்டியில் பாதி இப்போது இறங்குகிறது. முறுக்கும் மிக்ஸரும் அடைக்காமலே போகின்றன. ஆறு கிலோ கூடிவிட்டது. சத்திரசிகிச்சை தோற்றுவிட்டதா?

இல்லை, அண்ணா. குறைந்த எடையில் சிறிதளவு திரும்புவது பலருக்கும் நிகழ்கிறது. உங்கள் கடிதத்தில் கொத்தைவிட மிக்ஸரே என்னைக் கவலைப்படுத்துகிறது. மொறுமொறுப்பானவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்குவதால், வயிறு நிறைந்த உணர்வு வருமுன் ஒரு பைக்கற்று முடிந்துவிடும். மூன்று நாட்களுக்கு, தொலைக்காட்சியின் முன் கொறிப்பது உட்பட, வாயில் போட்ட அனைத்தையும் எழுதி அடுத்த கிளினிக்குக் கொண்டு செல்லுங்கள். விற்றமின் பீ12, இரும்பு, விற்றமின் டீ ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை இந்த வருடம் செய்யவில்லையென்றால் அதையும் கேளுங்கள். கொத்தை மாதத்தில் ஒருமுறை வாங்கலாம்: ரொட்டியைப் பாதியாக்கி, முட்டையையும் கோழியையும் கூட்டிப் போடச் சொன்னால் கடைக்காரர் கேட்டபடியே கொத்தித் தருவார். அதையும் வீட்டிலுள்ளவர்களுடன் பங்கிட்டுச் சாப்பிடுங்கள்.