இடிக்கப்போகிற டவர் பிளாக்கில் வாடகைக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் நிலைமை விளங்குது. லண்டன் வந்து நாலு மாசம், வேலை விசா, மனைவியும் பிள்ளையும் கெதியில் வரப்போகிறார்கள். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) டவர் பிளாக்கின் 14ஆம் மாடியில் இரண்டு அறை பிளாட், சுற்றுவட்டாரத்தை விட வாடகை குறைவு. ஆனால் பார்க்கப் போன அன்று ஒரு பல்கனியில் "எங்கள் வீடுகளை இடிக்காதே" என்று பதாகை, கீழே வாசல் கதவில் புது வீடுகளுக்கு வாக்களிக்கச் சொல்லி நோட்டீஸ். எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், இவ்வளவு பழைய கட்டடத்துக்காகச் சனம் ஏன் மல்லுக்கட்டுது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு மாசம், ஒரு வருசம் தலையைச் சாய்க்க ஒரு இடம் என்றால் எடுங்கோ. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து அங்கேயே நிலைப்பது என்றால் வேண்டாம்.

நான் 19 வருசம் இப்படி ஒரு கட்டடத்தில், 11ஆம் மாடியில் இருந்தவன். கட்டடத்தின் பெயர், கவுன்சிலின் பெயர் இங்கே வேண்டாம். படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சணம், பனிக்காலத்தில் விடிய எழும்பினால் முதல் வேலை ஜன்னல் விளிம்பில் நிற்கிற தண்ணியைத் துவாயால் ஒற்றி எடுப்பது. பார்க்க வந்த அதிகாரி சுவரைப் பார்க்கவில்லை, அடுப்பில் இருந்த சோற்றுப்பானையைப் பார்த்தார், "சமைக்கும்போது ஜன்னலைத் திறவுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு, இதை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று, மாதிரிக் கட்டடமும் பிஸ்கட்டும் வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். வெள்ளை அட்டையில் கட்டடங்கள், பஞ்சு போல மரங்கள். எங்கள் மாடியில் இருந்த ஒரு கிழவி, பிறந்ததிலிருந்து அந்தப் பகுதியை விட்டுப் போகாத வெள்ளைக்காரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தா. கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "இதில் என்ர வீடு எது?" விரலை வைத்துக் காட்ட ஒருவராலும் முடியவில்லை.

இந்தச் சண்டை முழுக்க அந்தக் கேள்வியில்தான் நிற்குது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கொங்கிறீட் பற்றிய சண்டை என்று நினைப்பார்கள். இடிக்கச் சொல்கிறவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. கானிங் டவுனில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம், தொழிற்சாலையில் வார்த்த பெரிய கொங்கிறீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 விடியப்புறம், 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைக்க, கசிந்திருந்த காஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் செத்தார்கள். கட்டடம் திறந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதைத் திருத்தித் திரும்பவும் குடிவைத்து, 1986இல்தான் கழற்றினார்கள். 2017இல் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் போன பிறகு மற்றக் கட்டடங்களையும் சோதித்தபோது, சதர்க்கில் லெட்பரி எஸ்டேட் (இங்கே எஸ்டேட் என்றால் கவுன்சில் வீட்டுத் தொகுதி) சுவர்களில் விழுந்திருந்த கீறல்களைப் பார்த்து, ரோனன் பாயிண்ட் போல ஆகிவிடுமோ என்று நாலு டவருக்கும் காஸை நிறுத்தவேண்டி வந்தது. பயம் சும்மா வந்ததில்லை.

சரி, அப்போ எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டியதுதானே என்பீர்கள். எலிஃபண்ட் அண்ட் காஸில் பக்கம் ஹேகேட் என்று ஒரு எஸ்டேட் இருந்தது, 1974இல் முடித்தது, ஏறக்குறைய 1,200 வீடுகள். 2014க்குள் தரைமட்டம். அந்த நிலத்தில் 2,500 வீடுகளுக்கு மேல் திட்டம் போட்டார்கள், அதில் பழைய கவுன்சில் வாடகைக்குச் சமமான சமூக வாடகை வீடுகள் என்று கணக்கில் வந்தவை 82. அந்த 82 என்ற எண்ணை இங்கே எந்த எஸ்டேட் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது எழும்பிச் சொல்வார்கள்.

இடிக்காமல் விட்டால் சனம் தப்புமா என்றால், அதுவும் உறுதியில்லை. பொப்லரில் பால்ஃப்ரன் டவர், பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடம், நினைத்தபடி இடிக்க முடியாது. திருத்தவேலை என்று வாடகைக்காரரை வெளியே அனுப்பினார்கள். இங்கே அதற்கு "டிகான்ட்" என்று பெயர், ஒரு போத்தலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது போல. வேலை முடிந்தபோது பிளாட்டுகள் தனியாருக்கு விற்பனைக்கு வந்தன. கட்டடம் அப்படியே நிற்குது, இருந்த சனம்தான் இல்லை. அதனால் இடிப்போமா வைப்போமா என்று யாராவது கேட்டால், யார் திரும்பி வருவார்கள், அதை எந்தக் கடிதத்தில் எழுதித் தருகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காசுக் கணக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கு. புது வீடு கட்டினால் வாட் வரி பூச்சியம், பழையதைத் திருத்தினால் பெரும்பாலும் 20 வீதம். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.

ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற கார்ப்பென்டர்ஸ் எஸ்டேட்டை ஒருக்கால் நடந்து பாருங்கோ, வருசக்கணக்காகச் சனத்தை வெளியேற்றி வெறுமையாக்கி வைத்திருந்த இடம். 2012 ஒலிம்பிக்கின்போது அங்கே ஒரு டவரின் மேல்மாடிகளைத் தொலைக்காட்சிக்காரர் ஸ்டூடியோவாகப் பாவித்தார்கள். அடுத்த வருசம் அங்கே வளாகம் கட்ட இருந்த பல்கலைக்கழகம் பின்வாங்கியது. 2014இல் ஒரு விடுதியிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட இளம் தாய்மார் பூட்டிக்கிடந்த பிளாட்டுகளுக்குள் புகுந்து இருந்துகொண்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் குசினியும் குளியலறையும் நல்ல நிலையில். 2021 கடைசியில் வாக்கெடுப்பு வைத்தபோது பெரும்பான்மை புதுத் திட்டத்துக்கு ஆம் என்றது. அதைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை, அவ்வளவு காலம் இழுபட்டால் யாருக்கும் ஏதோ ஒன்று நடந்து முடிந்தால் போதும் என்றிருக்கும். நானும் எங்கள் இடத்தில் ஆம் என்றுதான் போட்டேன், மனைவியின் முழங்காலையும் அந்தக் கறுப்புச் சுவரையும் நினைத்து. இப்போது இரண்டு மைல் தள்ளி ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம், சுவர் காய்ந்திருக்கு, திரும்பி வரும் உரிமை என்ற கடிதம் அலமாரியில் பாஸ்போர்ட்டுகளோடு கிடக்கு.

இனி உங்கள் விசயம். 2018 ஜூலையிலிருந்து, லண்டன் மேயரின் காசு பெறுகிற பெரிய இடிப்புத் திட்டம் என்றால் அங்கே இருப்பவர்களிடம் வாக்கெடுக்க வேண்டும். ஆனால் வாக்கு கவுன்சில் வாடகைக்காரருக்கும், சொந்தமாக வாங்கி ஒரு வருசமாவது அங்கேயே இருக்கிற லீஸ்ஹோல்டருக்கும், கவுன்சில் வீட்டுக் காத்திருப்புப் பட்டியலில் ஒரு வருசமாக இருப்பவருக்கும்தான். நீங்கள் எடுக்கப்போவது, முன்னொரு காலத்தில் ஒருவர் கவுன்சிலிடம் வாங்கி, கைமாறி, இப்போது யாரோ வாடகைக்கு விடுகிற பிளாட். உங்கள் விசாவில் பொது நிதி (அரசு உதவிப்பணம், கவுன்சில் வீடு போன்றவை) கிடையாது என்ற நிபந்தனை இருக்கும், அதனால் அந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது. வாக்கும் இல்லை, திரும்பி வரும் உரிமையும் இல்லை. வீட்டுக்காரருக்குச் சந்தை விலையும் அதற்கு மேல் ஒரு சிறு வீதமும் கிடைக்கும். அவர் பெரும்பாலும் உங்களை முன்னமே எழுப்பிவிட்டுத்தான் விற்பார். வாடகை குறைவாக இருப்பதன் ரகசியம் அதுதான், தம்பி. இதே கட்டடத்தில் "மலிவாக ஒரு பிளாட் விலைக்கு வருது" என்று ஊர்க்காரர் யாராவது வந்தால், பெரிய திருத்தவேலையில் லீஸ்ஹோல்டர் தலையில் எவ்வளவு விழும், எந்த வங்கி அதற்குக் கடன் தரும் என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கோ.

ஆனால் அந்தப் பதாகை கட்டின சனத்தோடு கதையுங்கோ, அடுத்து என்ன நடக்கும், எப்போது முதல் கடிதம் வரும் என்பது ஏஜென்டை விட அவர்களுக்குத்தான் தெரியும்.

எடுப்பதென்றால் பகலில் பார்த்துவிட்டுச் சரி சொல்லவேண்டாம், ஒரு சனிக்கிழமை இரவு போய் இரண்டு லிஃப்டும் ஓடுதா என்று பாருங்கோ. இந்தக் கட்டடங்கள் பலவற்றில் ஒன்று ஒற்றை மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றது இரட்டை மாடிகளில். இரட்டை மாடி லிஃப்ட் பழுது என்றால் 13க்குப் போய் ஒரு மாடி ஏறாதீர்கள். 15க்குப் போய் இறங்குங்கோ, 20 கிலோ அரிசி மூட்டையோடு அது லேசு.