தெருவுக்கென்று தனி நாணயம் அச்சிடலாமா?

கேள்வி: எங்கள் தெருவின் சிறு கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, எங்களுக்குள் மட்டும் செல்லும் பணச்சீட்டுகளை அச்சிடலாம் என்று பேசிவருகிறோம். வாடிக்கையாளரின் பணம் ஆன்லைன் நிறுவனங்களுக்குப் போகாமல் இங்கேயே சுழலும் அல்லவா? வெளிநாடுகளில் இது வெற்றி பெற்றதாகச் சொல்கிறார்களே?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை.

பதில்: உங்கள் நோக்கம் மிக நல்லது, ஆனால், சீட்டு அச்சிடுவது அதற்கு உகந்த வழியல்ல என்பதே என் கருத்து.

இதற்குப் பெரும்பாலோர் காட்டும் முன்மாதிரி ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூர். உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையின்மை தலைவிரித்தாடிய 1932-ஆம் ஆண்டில், அவ்வூரின் மேயர் மிஷேல் உன்டர்குக்கன்பெர்கர், நகராட்சிப் பணி செய்தவர்களுக்குத் தனிச் சீட்டுகளைக் கூலியாகக் கொடுத்தார். பத்து ஷில்லிங் சீட்டு தொடர்ந்து செல்ல வேண்டுமானால், மாதந்தோறும் அதன் மதிப்பில் நூற்றில் ஒரு பங்குக்கு, அதாவது பத்து குரோஷனுக்கு (நூறு குரோஷன் ஒரு ஷில்லிங்), முத்திரை வாங்கி அதில் ஒட்ட வேண்டும். பதுக்கினால் நட்டம் என்பதால் எல்லோரும் உடனுக்குடன் செலவிட்டார்கள். சாலைகள் சீராயின, பாலம் எழுந்தது. 1933-இல் ஆஸ்திரிய மத்திய வங்கி அந்தச் சீட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

முத்திரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. அந்தச் சீட்டை நகராட்சியே வரியாகப் பெற்றுக்கொண்டதால், தன்னிடம் வந்த சீட்டு தேங்கிவிடும் என்று எந்தக் கடைக்காரரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. உங்கள் சீட்டுக்கு அப்படியொரு போக்கிடம் இல்லை. கோயம்பேட்டு மொத்த வியாபாரி அதை வாங்கமாட்டார். மாநகராட்சியின் சொத்து வரியையும் கடை வாடகையையும் ரூபாயில்தான் கட்ட வேண்டும். எனவே, வெளியிலிருந்து சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரரின் கல்லாவில் சீட்டுகள் குவிய, அவர்தான் முதலில் திட்டத்தைவிட்டு விலகுவார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கையில் வைத்திருப்பவர் கேட்டவுடன் பணம் தருவதாக உறுதியளிக்கும் சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்று 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 31-ஆம் பிரிவு, தடை செய்கிறது. ஒரு கடை தன்னிடம் மட்டுமே செல்லும் கூப்பனை விற்க அனுமதி தேவையில்லை. பணம் பெற்றுக்கொண்டு, பல கடைகளில் செல்லும்படி பொதுவான கூப்பன் வழங்குவதென்றால் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 1934-இல் வணிகர்கள் தொடங்கிய வீர் அமைப்பு உங்களுக்கு நெருக்கமானது. அதன் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் விற்பதும் வாங்குவதும் கணக்கில் வரவு, பற்றாகப் பதிவாகின்றன. உங்கள் தெருவின் தையற்காரர், அச்சகத்தார், மளிகைக்காரர் ஆகியோர் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் கடன் வரம்பு வைத்து, காலாண்டு முடிவில் மிச்சத்தை ரூபாயில் தீர்த்துக்கொள்ளும் பொதுக் கணக்கை நடத்திப் பார்க்கலாம். பண்டமாற்றுக்கும் ஜிஎஸ்டி சட்டம் பொருந்தும் என்பதால், பதிவு பெற்ற கடைகள் ஒவ்வொரு விற்பனைக்கும் வழக்கம்போல் பில் போட வேண்டும். தொடங்குவதற்கு முன், விதிகளை எழுதி ஒரு வழக்கறிஞரிடமும் உங்கள் ஆடிட்டரிடமும் காட்டிவிடுங்கள்.